எல்லை நிலமும் தலைச்சொல்லும்: கம்பம்மெட்டிலிருந்து தமிழ்க் களஞ்சிய மரபை நோக்கல்

தமிழில் களஞ்சிய நூல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அவை உருவான வரலாற்றைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. தொகுத்தவர் யார், பொருளுதவி புரிந்தவர் யார், தொகுதிகள் எத்தனை என்னும் செய்திகள் திரும்பத் திரும்ப எழுதப்பெறுகின்றன. ஓர் ஊரையோ, ஓர் ஆளையோ, ஓர் அறிவியற் சொல்லையோ இந்நூல்கள் எந்த நெறியில் தலைச்சொல்லாக ஏற்கின்றன, எதனை ஏற்காமல் விடுகின்றன என்னும் வினா திறனாய்வு நிலையில் எழுப்பப்பெறுவது அரிது. காவியத்துக்கும் நாவலுக்கும் உரிய திறனாய்வு களஞ்சியத்துக்கும் உரியதே. அதுவும் தேர்ந்தெடுத்தும் விலக்கியும் ஒரு நோக்கில் நின்று உலகைக் காட்டும் எழுத்துவகைதான்.

இவ்வினாவை நூலகத்தில் இருந்து எழுப்புவதைவிட ஓர் ஊரில் நின்று எழுப்புவது பயன் தருவதாகும். இக்கட்டுரை அதற்காகக் கம்பம்மெட்டைத் தேர்கிறது. தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து இடுக்கி மாவட்டத்தின் ஏலமலைக்கு ஏறும் சாலைகளுள் குமுளி, போடிமெட்டு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க வழி இது. மேலே கேரளத்தின் உடும்பன்சோலை வட்டம், கருணாபுரம் ஊராட்சி. கீழே தமிழகத்தின் உத்தமபாளையம் வட்டம். காலையில் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் ஏலத்தோட்ட வேலைக்கு ஏறி மாலையில் இறங்கும் பெண்களுக்கு இது நாள்தோறும் கடக்கும் வாசல். இரு மாநிலத்தின் சோதனைச் சாவடிகளும் இங்குண்டு. எனினும் இவ்வூரைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர் எந்தத் தலைச்சொல்லின்கீழ்த் தேடுவது? ஊர்ப்பெயரின் கீழா, கம்பத்தின் கீழா, இடுக்கியின் கீழா, ஏலத்தின் கீழா? இத்தடுமாற்றத்தில்தான் களஞ்சிய மரபின் இயல்பு வெளிப்படுகிறது.

புராணப் பெயரிலிருந்து பொது அறிவுக்கு

யாழ்ப்பாணத்து மானிப்பாய் ஆ.முத்துத்தம்பிப்பிள்ளையின் அபிதான கோசம் 1902இல் வெளிவந்தது. ஆ.சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் பாண்டித்துரைத் தேவரின் துணையோடு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழி அச்சேறியது. விரிவாக்கப்பெற்ற இரண்டாம் பதிப்பு ஆசிரியர் மறைந்தபின் 1934இல் வந்தது. இவ்விரு நூல்களின் அடிப்படை ‘அபிதானம்’, அதாவது பெயர். புராண மாந்தர், புலவர், அரசர், திருத்தலம் என இலக்கியம் கற்பவன் எதிர்கொள்ளும் பெயர்களை விளக்குவதே அவற்றின் தலையாய பணி. ஆகவே ஓர் ஊர் தலைச்சொல்லாவதற்கு அது பாடப்பெற்றதாகவோ தலபுராணம் உடையதாகவோ இருத்தல் வேண்டும். மலைக்கணவாய் ஒன்று அந்நெறியில் இடம்பெற வழியில்லை. இதனைக் குறையாகக் கூறுவது பொருந்தாது. நூலுக்கு அதன் காலம் வகுத்த எல்லை அது.

பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் இந்நெறியை மாற்றியது. தி.சு.அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் தோன்றிய அப்பணியில் அறிவியலும் நிலவியலும் தொழில்நுட்பமும் இலக்கியத்தோடு ஒப்ப அமர்ந்தன. பெயரை விளக்கும் நூல் பொருளை விளக்கும் நூலாக மாறியது இங்குத்தான். பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தைப் 15 தொகுதிகளாகவும் அறிவியல் களஞ்சியத்தை 19 தொகுதிகளாகவும் வெளியிட்டுப் பணியை இரண்டாகப் பகுத்துக்கொண்டது. இப்பகுப்பு வசதிக்காக நேர்ந்ததாயினும் அதற்கு ஒரு விலை உண்டு. ஏலம் என்னும் செடி ஒரு வரிசை நூலிலும், அச்செடியை நட்டு வாழ்ந்த மக்கள் இன்னொரு வரிசை நூலிலும் அமைய நேர்கிறது. கம்பம்மெட்டு போன்ற நிலத்தில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்ல இயலாது.

நகரும் எல்லையும் நகராத அச்சும்

கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இலும் பத்தாம் தொகுதி 1968இலும் வெளிவந்தன. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடையே 1956 நவம்பர் 1 அமைகிறது. தொகுப்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதே சென்னை மாகாணமும் திருவிதாங்கூர்-கொச்சியும் மொழிவழி மாநிலங்களாக மாறின. அகரவரிசைப்படி முன்வரும் ஊர்கள் பழைய ஆட்சிப் பிரிவோடும் பின்வருவன புதிய பிரிவோடும் எழுதப்பெறும் நிலை இதனால் தவிர்க்க இயலாததாயிற்று. அகரவரிசை காலநிரலாக மாறிவிடும் இவ்விந்தை, பல்லாண்டு நீளும் எல்லாக் களஞ்சியப் பணிக்கும் பொதுவானது. ஆயினும் எல்லைப் பகுதியைப் பற்றி அறியப் புகும் வாசகனையே அது மிகுதியாகத் தாக்குகிறது.

இன்னும் ஒன்று. இடுக்கி மாவட்டம் 1972 ஜனவரி 26இல் அமைந்தது. தேனி மாவட்டம் மதுரையிலிருந்து 1996இல் பிரிந்தது. ஆகவே கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுள் எதிலும் இன்றைய கம்பம்மெட்டின் இருபுற மாவட்டங்களும் அப்பெயரில் இருக்க இயலாது. மலையாளத்தின் சர்வவிஞ்ஞானகோசம் தன் முதல் தொகுதியை 1972இல்தான் வெளியிட்டது. மலையாள வாசகனுக்கு இடுக்கியும் அவனுடைய பெருங்களஞ்சியமும் ஒரே ஆண்டில் தோன்றியவை. தமிழ் வாசகனுக்கோ களஞ்சியம் முடிந்தபின் தோன்றிய மாவட்டம் அது. இவ்வேறுபாட்டைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். ஆனால் எல்லையின் இருபுறத்து மாணவரும் ஒரே மலையை வேறு வேறு முழுமையோடு கற்க நேர்ந்ததற்கு இத்தற்செயலும் ஒரு காரணம்.

மாநிலச் சீரமைப்பு விவாதத்தையும் இங்கு நினைவுகூர வேண்டும். தேவிகுளம், பீர்மேடு ஆகிய பகுதிகளைச் சென்னை மாகாணத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரியது. பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அளித்த அறிக்கை அக்கோரிக்கையை ஏற்கவில்லை. தெற்கே தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் மட்டுமே தமிழகத்தோடு இணைந்தன. மலைத்தோட்டத் தமிழர் தொகை நிலையானதன்று, வேலைக்கென வந்து போவது என்னும் வாதம் அக்காலத்தில் எழுந்தது. அவ்வாதத்தின் அரசியல் சரிதவறு இக்கட்டுரையின் எல்லைக்குள் வருவதன்று. ஆனால் களஞ்சியங்கள் அறியாமலேயே அதே வாதத்தைப் பின்பற்றுகின்றன என்பது சுட்டத்தக்கது. நிலைத்த கோயில், நிலைத்த கோட்டை, நிலைத்த நகராட்சி உடைய ஊருக்குத் தலைச்சொல் உண்டு. மக்கள் ஏறி இறங்குவதாலேயே ஊராகிய ஓரிடத்துக்கு இல்லை. கம்பம்மெட்டின் பொருள் அதன் போக்குவரவில்தான் இருக்கிறது. முல்லைப் பெரியாறு பூசல் முற்றிய 2011 டிசம்பரில் குமுளியும் கம்பம்மெட்டும் அடைபட்டபோது இம்மலையின் அன்றாடமே நின்றுபோனது. வழி அடைபடும்போது மட்டும் செய்தியாகும் ஊரைப் பற்றி, வழி திறந்திருக்கும் காலத்தைச் சொல்லும் நூல் வேண்டும்.

சென்று திரும்பிய பெயர்கள்

பெயர்களைக் கையாள்வதில் தமிழ்க் களஞ்சியங்களும் பாடநூல்களும் இதழ்களும் ஒருசேரத் தடுமாறும் இடம் இது. தமிழ்ப் பெயர் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பெற்று, அவ்வெழுத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு வருகையில் அயற்பெயராகத் திரும்புகிறது. ‘உடும்பன்சோலை’ மலையாள ஒலிப்பில் ஈற்று ஐகாரம் இழந்து ‘உடும்பன்சோலா’ எனத் தமிழ் அச்சில் இடம்பெறுவதைக் காணலாம். பீர்மேடு, பீருமேடு, பீரிமேடு என ஓர் ஊர் மூன்று ஊராகிறது.

பெரியாறு இவற்றுள் தலையாய சான்று. ஆறு எனப் பொருள்படும் ஈற்றுச் சொல் ஆங்கில எழுத்தில் றகர ரகர வேறுபாட்டை இழக்கிறது. மீண்டும் தமிழாக்குவோர் ‘பெரியார் அணை’ எனவும் ‘பெரியார் புலிகள் காப்பகம்’ எனவும் எழுதிவிடுகின்றனர். ஆறு ஆளாகிவிடுகிறது. ஈரோடு மாவட்டம் 1979 முதல் 1996 வரை ஈ.வெ.ரா. நினைவாகப் ‘பெரியார் மாவட்டம்’ என்றே வழங்கியதால், அட்டவணையில் இவை மூன்றும் அடுத்தடுத்து நின்று வாசகனை மயக்கும் வாய்ப்பு இன்னும் மிகுகிறது. சங்க இலக்கியத்துள் அகநானூற்றின் 149ஆம் பாட்டுச் சேரரின் சுள்ளியம் பேரியாற்றைக் குறிப்பிடுகிறது. அத்தொன்மையுடைய பெயரை ஓர் எழுத்துப்பிழை அடியோடு மறைத்துவிடுகிறது. இதனை அச்சுப்பிழை என்று விட்டுவிட இயலாது, இது பொருட்பிழை.

கம்பம் என்னும் பெயரிலும் சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் இதற்கு வழங்கிய எழுத்துக்கூட்டலே ஆந்திரத்தில் பெரிய ஏரிக்குப் பெயர்பெற்ற கம்பம் ஊருக்கும் வழங்கியது. ஆங்கில மூலங்களைச் சார்ந்து எழுதும் தொகுப்பாளர் இரண்டையும் கலந்துவிட இடமுண்டு. இனி, ‘மெட்டு’. தமிழறிந்த பெரும்பாலோர்க்கு இச்சொல் இசையைக் குறிக்கும். ஆனால் போடிமெட்டு, கம்பம்மெட்டு, ராமக்கல்மெட்டு என மேற்குமலையின் இப்பகுதி முழுவதும் அது நிலத்தைக் குறிக்கும் சொல். ‘மேடு’ என்பதோடு உறவுடையதாகக் கருதத்தக்க இச்சொல், பள்ளத்தாக்கிலிருந்து ஏறுவோர் மலைவிளிம்பை எட்டும் இடத்துக்குப் பெயராகிறது. ‘கணவாய்’ என்னும் நூற்சொல் இதற்கு நேரானதன்று. கணவாய் இரு மலைகளுக்கு இடைப்பட்ட தாழ்ந்த வழி. மெட்டு ஏறி முடியும் விளிம்பு. ஆங்கிலத்தின் ஒரு சொல்லை மொழிபெயர்த்துக் கணவாய் எனப் பாடநூலில் எழுதிவிட்டால் மண்ணில் உள்ள இவ்வேறுபாடு அழிந்துவிடுகிறது.

பெயருடையாரும் பெயர் மட்டும் உடையாரும்

‘புகழ்பெற்றோர்’ என்னும் வகைமை களஞ்சியத்தின் உயிர்நாடி. இப்பகுதிக்கு அவ்வகையில் முதலில் எழுதப்பெறும் பெயர் ஜான் பென்னிகுவிக் (1841-1911). திருவிதாங்கூர் அரசோடு 1886 அக்டோபர் 29இல் 999 ஆண்டுக்கான குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் பணி தொடங்கி, 1895 அக்டோபரில் பெரியாற்று அணை திறக்கப்பெற்றது. மேற்கே பாய்ந்த நீர் மலையைக் குடைந்த வழியாகக் கிழக்கே திரும்பி வைகைப் படுகையை அடைந்தது. பள்ளத்தாக்கு மக்கள் அவரைத் தெய்வநிலையில் வைத்துப் போற்றுகின்றனர். குழந்தைகளுக்கு அவர் பெயரை இடுகின்றனர். அவர் பிறந்த ஜனவரி 15 பொங்கலோடு சேர்த்துக் கொண்டாடப்பெறுகிறது. கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபம் திறக்கப்பெற்றது.

பென்னிகுவிக் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்னும் செய்தி மேடைகளிலும் கட்டுரைகளிலும் வரலாறாகவே சொல்லப்பெறுகிறது. அணை சென்னை அரசின் பணியாகவே நடைபெற்றது. சொத்து விற்பனைக்கு ஆவணச் சான்று வேண்டும். இவ்விடத்தில் களஞ்சிய ஆசிரியர்முன் இரண்டு எளிய வழிகள் உள்ளன. ஒன்று, மக்கள் சொல்வதை அப்படியே வாழ்க்கைக் குறிப்பில் சேர்த்தல். மற்றொன்று, அதனைக் கட்டுக்கதை என விலக்கல். இரண்டும் பிழை என்பதே இக்கட்டுரையின் துணிபு. அக்கதை பென்னிகுவிக்கின் வாழ்க்கைக்குச் சான்றன்று. ஆனால் நீரின்றித் தவித்த ஒரு நிலம் நீர் தந்தவனை எவ்வாறு நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதற்கு அது முதன்மைச் சான்று. அரசு, ஒப்பந்தம், குத்தகை என்னும் சொற்களால் ஆன ஒரு நிகழ்வை, ஒருவன் தன்னுடைமையைத் துறந்த ஈகைக் கதையாக உழவர் மரபு மாற்றிக்கொண்டது. பாரி, குமணன் முதலியோரின் கொடைக் கதைகளோடு வளர்ந்த மரபு அது. ஆகவே ‘வழக்கு’ என்னும் தனிப்பிரிவில், வழக்கு என்றே சுட்டி, அதனைப் பதிவு செய்தல் வேண்டும்.

புகழ்பெற்றோர் பட்டியல் மறைப்பனவும் உண்டு. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்பபிள்ளை 1789இல் ஆராய்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முந்திய அம்முயற்சி பொருளின்மையால் கைவிடப்பெற்றது. முடித்தவனுக்குத் தலைச்சொல்லும் தொடங்கியவனுக்கு அடிக்குறிப்பும் என்னும் வழக்கம் இங்கும் மாறவில்லை. அணைப் பணியில் காய்ச்சலாலும் வெள்ளத்தாலும் இறந்த தொழிலாளர்க்கோ அடிக்குறிப்பும் இல்லை.

இதனினும் வியப்புக்குரியது கண்ணன் தேவன் மலை. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசரிடம் குத்தகை பெற்ற மூணாற்றுப் பகுதிக்கு வழங்கும் இப்பெயர், கண்ணன், தேவன் என்னும் இரு மலைத்தலைவர்களால் அமைந்தது என்பது மரபு. நிலப்படத்திலும் ஆட்சி ஆவணத்திலும் தேயிலைப் பொட்டலத்திலும் அவர்கள் பெயர் நாடெங்கும் வழங்குகிறது. குத்தகை பெற்றவனுக்கு வாழ்க்கை வரலாறு உண்டு. பெயர் தந்தவர்க்குப் பெயர் மட்டுமே உண்டு. களஞ்சியத்தில் இவர்களை எவ்வாறு எழுதுவது என்பது கடினமான வினா. பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இல்லாதவரைத் தலைச்சொல்லாக்கும் முறையைத் தமிழ்க் களஞ்சியங்கள் புராண மாந்தர் வழியாக நன்கு அறியும். அபிதான சிந்தாமணி அதில் தேர்ந்தது. அம்முறையை மலைமக்கள் மரபுக்கும் விரித்தால் வேண்டிய கருவி கையில் உள்ளது. பழைய நூலின் வலிமையைப் புதிய நூல்கள் இவ்வகையில் பயன்கொள்ளத் தவறின.

கண்ணகியைப் பற்றிய செய்தியும் இவ்வகையினது. வண்ணாத்திப்பாறையில் உள்ள மங்கலதேவி கோட்டத்தைச் சி.கோவிந்தராசனார் 1963இல் கண்டு, சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்தோடு இணைத்து விளக்கினார். சித்திரை முழுநிலவில் இரு மாநிலக் காவலோடு நடைபெறும் விழா இன்று பலரும் அறிந்தது. ஆனால் இதே மலையில், கட்டப்பனையை அடுத்த கோவில்மலையைத் தலைமையிடமாகக் கொண்டு தமக்கென அரசரை உடைய மன்னான் பழங்குடியினர், கோவலன் கண்ணகி கதையைக் கூத்தாக நிகழ்த்தி வருவதைத் தமிழ் இலக்கிய மாணவருள் எத்துணைப் பேர் அறிவர்? கோட்டம் கல்லால் ஆனதால் தலைச்சொல்லாகிறது. கூத்து நிகழ்ந்து மறைவதால் மானிடவியலுக்கு விடப்படுகிறது. சிலப்பதிகாரத்தின் வரவேற்பு வரலாற்றை எழுதப் புகுவோர்க்கு இக்கூத்தைவிட இன்றியமையாத சான்று இம்மலையில் இல்லை.

ஏலம்: ஒரு சொல்லின் பயணம்

அறிவியற் சொற்களுக்கு வருவோம். ஏலத்தைப் பற்றிய எந்தக் குறிப்பும் ‘எலெட்டேரியா கார்டமோமம் என்னும் தாவரவியற் பெயருடையது’ எனத் தொடங்குவது வழக்கம். அப்பெயர் இலத்தீனம் எனவும் சொல்லப்பெறும். வடிவத்தால் அது உண்மை, பிறப்பால் அன்று. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் இச்செடியை ‘எலெட்டாரி’ என்று பதிவு செய்தது. ‘ஏலத்தரி’ என்னும் மலையாள வழக்கின் வடிவம் அது. தமிழ் மருத்துவ நூல்களின் ‘ஏலவரிசி’யோடு ஒப்பிடத்தக்கது. லின்னேயசு இதனை வேறு பேரினத்தில் வைத்திருந்தார். 1811இல் மேட்டன் தனிப் பேரினமாக்கியபோது இம்மலைச்சொல்லே ‘எலெட்டேரியா’ ஆயிற்று. தேக்கு ‘டெக்டோனா’வாகவும், முருங்கை ‘மொரிங்கா’வாகவும் ஆனது போன்ற செய்தி இது.

வான் ரீடுக்குச் செடிகளின் பெயரும் பயனும் சொன்னவருள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். 1675இல் அவர் அளித்த வாக்குமூலம் அந்நூலிலேயே கோலெழுத்தில் அச்சிடப்பெற்றுள்ளது. அந்நூல் முழுவதையும் கா.சு.மணிலால் ஆங்கிலத்திலும் பின்னர் மலையாளத்திலும் பெயர்த்தளித்தார். தமிழ்ப் பெயர்களும் கலந்து வரும் அப்பெருநூலுக்குத் தமிழ்த்துறைகள் இன்னும் உரிய கவனம் செலுத்தவில்லை.

ஏலம் தமிழிலக்கிய மாணவர்க்குப் புதிதன்று. கணிமேதாவியாரின் ‘ஏலாதி’ ஏலத்தை முதலாக உடைய ஆறு மருந்துப் பொருள்களின் கூட்டால் பெயர்பெற்ற நூல். விற்பனை முறையைக் குறிக்கும் ‘ஏலம்’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த வேறு சொல். போடிநாயக்கனூரிலும், வண்டன்மேட்டை அடுத்த புற்றடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏற்பாட்டில் ஏலம் ஏலத்தில் விற்கப்படுகிறது. அகராதி நெறியில் இவை இரண்டு தலைச்சொற்கள். மலைவாழ் மக்கள் வாயில் இரண்டும் ஒரே மூச்சில் வரும் சொற்கள். அவர்களுள் யாரும் குழம்புவதில்லை. இன்னொரு முரணும் உண்டு. இம்மலையின் பச்சை ஏலம் புவிசார் குறியீட்டுப் பதிவில் ‘ஆலப்புழை’ என்னும் கடற்கரை ஊரின் பெயரைத் தாங்கியுள்ளது. ஆலப்புழையில் ஏலம் விளைவதில்லை. அது ஏலம் சென்று சேர்ந்த துறைமுகம். விளைந்த மலையின் பெயர் விடுபட்டு விற்ற ஊரின் பெயர் நிலைத்தது. கண்ணன் தேவன் செய்திக்கு இது நேர்மாறு.

தமிழ் அறிவியல் எழுத்தின் பெருங்குறை வேறோர் இடத்தில் தெரிகிறது. ஏலக்காயைத் தாக்கும் பைட்டோப்தோரா பூஞ்சைநோயை உலகத் தாவர நோயியலார் ‘அழுகல்’ என்றே எழுதுகின்றனர். உழவர் சொன்ன சொல் அப்படியே கலைச்சொல்லாயிற்று. தேமல் நோய்க்குக் கன்னடத்துக் ‘கட்டே’ அவ்வாறே ஆயிற்று. மேற்குமலையின் உயர்நிலப் பள்ளங்களில் அடர்ந்து வளரும் காட்டுக்கு உலகச் சூழலியல் வழங்கும் பெயர் ‘சோலை’ என்பதன் ஆங்கில வடிவம். ஆனால் தமிழில் எழுதப்பெறும் சூழலியல் கட்டுரைகளில் இது ‘ஷோலா காடுகள்’ எனத் திரும்பி வருகிறது. உடும்பன்சோலையின் ஈற்றிலும் இந்தக் காட்டின் பெயரிலும் இருப்பது ஒரே சொல் என்பதை இவ்வெழுத்துமுறை மறைத்துவிடுகிறது. கலைச்சொல்லாக்கம் என்றாலே அயற்சொல்லுக்குத் தமிழ் தேடுவது எனப் பழகிவிட்டோரால், தமிழ்ச்சொல்லே அயல்வேடத்தில் வந்து நிற்பதை இனங்காண முடிவதில்லை. தனித்தமிழ் ஆர்வம் மிகுந்த களஞ்சியக் கட்டுரைகளிலும் இந்நிலை நேர்வது வருந்தத்தக்கது.

தோட்டத்தின் வழக்குச் சொற்களோ முற்றிலும் வெளியில் நிற்கின்றன. ஏலக்காயை உலர்த்தும் கூடம் மலையில் ‘ஸ்டோர்’. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு ‘லயம்’. ஆள்சேர்த்துக் கண்காணிப்பவர் ‘கங்காணி’. களஞ்சியத்தில் ‘உலர்கூடம்’ என்று எழுதுவது தவறன்று. ஆனால் ‘ஸ்டோர்’ என்பதையும் உடன் தராவிடில், அக்கூடத்தில் வேலை செய்பவரின் மகள் அப்பக்கத்தைப் படிக்கையில் தன் தாய் நாள்தோறும் செல்லுமிடம்தான் அது என்பதை அறிய வழியில்லை. எல்லைக்கு அப்பால் இடுக்கியில் தமிழ்வழி பயிலும் பிள்ளைகளுக்குத் தமிழ்க் குறிப்பு நூலே தம் மண்ணைத் தம் மொழியில் அறியும் சாளரம். விளைச்சலைப் பெருக்கிய ‘ஞள்ளானி’ என்னும் ஏலவகை கட்டப்பனைப் பகுதி உழவர் ஒருவரின் குடும்பப் பெயரைத் தாங்கியது. ஆய்வு நிலையத்தில் உருவானதன்று. இச்செய்தி அறிவியலின்கீழ் வருமா, வாழ்வியலின்கீழ் வருமா?

ஓர் இலக்கம்

குறிப்பு நூல்களில் எண்களுக்குத் தனி மதிப்புண்டு. எழுத்தை ஐயுறும் வாசகனும் எண்ணை நம்புவான். ஏலமலைக் காப்புக்காடு பற்றிய 1897ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர் அறிவிக்கையைச் சார்ந்து இரு எண்கள் வழங்குகின்றன. ஒன்று 15,720 ஏக்கர்; மற்றொன்று 2,15,720 ஏக்கர். முன்னால் நிற்கும் ஓர் ‘2’ மட்டுமே வேறுபாடு. முந்தியதைக் கேரள அரசு சார்ந்து நிற்கிறது. பிந்தியதைச் சூழலியலார் வலியுறுத்துகின்றனர். வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இரண்டு இலட்சம் ஏக்கர் காடா, பட்டா நிலமா என்பது அவ்விலக்கத்தில் தொங்குகிறது. அங்கு வாழும் சிறு உழவர், கூலித் தொழிலாளர், எஞ்சிய மரங்கள், கீழே பள்ளத்தாக்குக்கு இறங்கும் நீர் ஆகிய அனைத்தின் நிலையும் அதனைப் பொறுத்தது. இந்நிலையில் ஏலமலையின் பரப்பு இவ்வளவு என ஒற்றை எண்ணைத் தரும் குறிப்பு, தான் அறியாமலே ஒரு வழக்கில் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இரு எண்களையும், அவை சார்ந்த ஆவணத்தையும், வழக்கின் ஆண்டுகளையும் ஒருங்கே தருவதே முறை. முல்லைப் பெரியாற்றின் நீர்மட்டத்துக்கும் இதுவே பொருந்தும். 152, 136, 142 அடி என்னும் எண்கள் மூன்றும் வெவ்வேறு காலத்துக்கு உரியவை. 142 அடி என்பது உச்சநீதிமன்றத்தின் 2006, 2014 தீர்ப்புகளோடு சேர்த்து எழுதப்பெற வேண்டியது. ஆண்டின்றி எழுதப்பெறும் எண் எல்லையில் பூசலுக்கு விறகாகும்.

2007இல் விகடன் வெளியிட்ட பிரிட்டானிகா தகவல் களஞ்சியம் உலகப் பொருள்களைச் சுருக்கித் தமிழில் தருவதை நோக்கமாகக் கொண்டது. அம்முயற்சி வரவேற்கத்தக்கதே. எனினும் வேற்றுமொழி மூலத்திலிருந்து சுருக்கும் முறை, மேலே கூறிய மெட்டு, அழுகல், ஏலவரிசி போன்றவற்றைத் தர இயலாது; மூலத்தில் அவை இல்லை. இவற்றை மண்ணிலிருந்துதான் திரட்ட வேண்டும். அதற்குத் தமிழ், மலையாளம் ஆகிய இருமொழி அறிந்த தொகுப்பாளர், ஒவ்வொரு ஊர்ப்பெயருக்கும் இரு மொழியிலும் வழங்கும் வடிவங்கள், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் ‘காண்க’ குறிப்பு ஆகியன வேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகக் களஞ்சியங்களின் மறுபதிப்போ புதிய தொகுப்போ மேற்கொள்ளப்பெறுமாயின், எல்லை வட்டங்களுக்கெனத் தனிக்குழு அமைத்தல் இயலக்கூடிய பணியே. மதுரை, தேனி மாவட்டக் கல்லூரித் தமிழ்த்துறைகளும் கேரளப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையும் இணைந்தால் கள ஆய்வுக்கு ஆள் பஞ்சமில்லை. மாணவருள் பலர் அம்மெட்டின் வழியாகத்தான் வீட்டுக்குச் செல்கின்றனர்.

அத்தகைய தொகுப்பில் ‘கம்பம்மெட்டு’ என்னும் தலைச்சொல் நீண்ட கட்டுரையாக அமைய வேண்டியதில்லை. இரு மாவட்டம், இரு வட்டம், பெயர்ப்பொருள், சாலை, நாள்தோறும் ஏறி இறங்கும் தொழிலாளர், 1956, 1972, 1996, 2011 ஆகிய ஆண்டுகள். பின்னர் ‘ஏலம்’, ‘உடும்பன்சோலை’, ‘மன்னான் கூத்து’, ‘மெட்டு’ ஆகியவற்றைக் காண்க என்னும் குறிப்பு. பத்து வரி போதும்.